வாஷரா, வால்வா?

நீலாங்கரையில் என் நண்பர் வீட்டு நீச்சல் குளத்தில் வால்வு ஒழுகுவதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு சேம்புச் செடி. குளம் நிரம்பி வழிந்தால் உபரித் தண்ணீர் குழாய் வழியே தோட்டத்து மூலைக்குப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் நனைய வேண்டிய மூலை அது. சித்திரை வெயிலில் அங்கே சேம்பு முறம் அகலத்துக்கு இலை விட்டு நின்றது.

"உரம் ஏதாவது வெச்சியாப்பா?" என்று தோட்டக்காரரைக் கேட்டார் நண்பர்.

"இல்லீங்கய்யா. தண்ணி அதுவா வந்துக்கிட்டே இருக்கு."

அடுத்த ஆண்டு, அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கம் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். அங்கும் ஒரு குளம், அங்கும் இதே ஒழுகல். சேம்புக்குப் பதிலாகத் தண்ணீர் பில் பேசியது. ஷவரில் யார் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று வீட்டில் ஒரு வாரம் விசாரணை நடந்தது. ஊரிலிருந்து வந்த மாமனார் மீதும் சந்தேகம் இருந்திருக்கலாம். மாப்பிள்ளை பண்பானவர், வாய்விட்டுச் சொல்லவில்லை.

குடிநீர்க் குழாய் வேலையில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இரண்டு கண்டங்களில் இரண்டு ஒழுகும் வால்வுகள் கிடைப்பது ஒரு கொடுப்பினைதான். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றே: உள்ளே இருக்கும் ரப்பரை மாற்றினால் போதுமா, வால்வையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வைப்பதா? இரண்டு இடத்திலும் விடை வேறாக வந்தது. போதாததற்கு, நீலாங்கரையில் மறு ஆண்டே வந்த விடை முதல் விடையையே புரட்டிப் போட்டது.

பிளம்பர்கள் 'பால் காக்' என்றும் 'ஃப்ளோட் வால்வு' என்றும் சொல்கிற மிதவை வால்வுதான் இது. மொட்டைமாடித் தொட்டியிலும் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியிலும் இருப்பதன் உடன்பிறப்பு. தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்கும், வால்வு திறக்கும், ஏறினால் மூடும். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் க்டெசிபியோஸ் தன் நீர்க் கடிகாரத்தில் மட்டம் மாறாமல் இருக்க மிதவையைப் பயன்படுத்தியிருக்கிறார். நம் ஊர் ஏரிகளில் மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருந்தார். மிதவை, தூங்காத நீர்க்கட்டி. என்ன, ரப்பர் தேய்ந்தால் அதுவும் கண்ணயர்ந்துவிடும்.

குளத்துக்கு இப்படி ஒரு காவல் வேண்டியிருப்பதற்குக் காரணம் வெயில். நண்பரின் குளம் 8 மீட்டருக்கு 4 மீட்டர். பரப்பு 32 சதுர மீட்டர் என்பதால், மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலே 32 லிட்டர் போயிற்று. சென்னைக் கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாவது சாதாரணம். கிட்டத்தட்ட 190 லிட்டர். அரிசோனாவின் காய்ந்த காற்றில் ஜூன் மாதம் இதைவிட வேகமாக இறங்கும். இதைத் தினமும் ஹோஸ் பிடித்து நிரப்ப யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் குளத்தின் ஓரத்தில் சின்னதாக ஓர் அறை கட்டி, அடியில் குழாய் வைத்துக் குளத்தோடு இணைத்து, அதற்குள் மிதவையை வைத்துவிடுகிறார்கள். குளத்தில் என்ன மட்டமோ அதுதான் அறையிலும்.

மொட்டைமாடித் தொட்டி வழிந்தால் எதிர்வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். குளம் வழிவது யாருக்கும் கேட்காது. வினாடிக்கு ஒரு சொட்டு என்றால்கூட நாளைக்கு ஒரு குடிதண்ணீர் கேன், 20 லிட்டர். பென்சில் கனத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டர் வந்தால் நாளைக்கு 720 லிட்டர். தண்ணீர்க் கணக்கோடு இது முடிவதில்லை. மட்டம் ஏறினால் ஸ்கிம்மரின் வாய் முழுகிவிடும், மேலே மிதக்கும் இலை உள்ளே போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். போட்ட மருந்து நீர்த்துப் போகும். புதிதாக வரும் உப்புத் தண்ணீர் டைல்ஸில் வெள்ளைக் கோடு போடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது நண்பர் குளத்தையே காயப் போட்டிருந்தார். அந்த நினைப்பு இருந்ததால்தான் சேம்பைப் பார்த்ததும் பதறினார்.

வால்வைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி இருந்தது. வால்வு ஓயாமல் ஓடுகிறது என்றால் குற்றவாளி வால்வாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. குளத்தில் விரிசல் இருந்து, இறங்கும் தண்ணீரை வால்வு விசுவாசமாக ஈடு கட்டிக்கொண்டிருக்கலாம். குளத்துப் படியில் ஒரு பக்கெட்டை வைத்து, நகராமல் இருக்க உள்ளே செங்கல் போட்டு, குளத்து மட்டத்துக்கே தண்ணீர் ஊற்றி, உள்ளேயும் வெளியேயும் பென்சிலில் கோடு போட்டோம். வரத்துக் குழாயை அடைத்துவிட்டு ஒரு நாள் விட்டோம். பக்கெட்டுக்குள் ஆவியான அளவே குளத்திலும் இறங்கியிருந்தது. குளம் நிரபராதி. அரிசோனாவிலும் இதையே செய்தேன். இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி நடந்த ஒரே காரியம் அதுதான்.

நீலாங்கரை வால்வு பித்தளை. பெரியவர் ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டிய பிளம்பர். அறையின் மூடிக் கல்லைத் தூக்கியதும் ஒரு தவளை குதித்து ஓடியது. அவர் எதையும் கழற்றவில்லை. கையை உள்ளே விட்டு, மிதவைத் தண்டை மெதுவாக மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சொட்டு நிற்கவில்லை. "பந்து நல்லாத்தான் இருக்கு சார். வாய்தான் கெட்டிருக்கு" என்றார். கையால் தூக்கினால் நிற்கிறது என்றால் மிதவையில் கோளாறு: பந்து ஓட்டையாகித் தண்ணீர் குடித்திருக்கும், அல்லது தண்டு வளைந்து சுவரில் உரசும். தூக்கியும் நிற்கவில்லை என்றால் ரப்பரோ அது உட்காரும் விளிம்போ. ஆனாலும் பந்தைக் கழற்றிக் காதருகே ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டார், தேங்காய் வாங்குவது போல.

பையிலிருந்து கட்டிங் பிளேயர், ஸ்பேனர் இரண்டுதான் வெளியே வந்தன. ஸ்பிளிட் பின்னை உருவினார். தண்டு கையோடு வந்தது. உள்ளேயிருந்த பிஸ்டனைத் தள்ளி எடுத்து அதன் தலைமூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன ரப்பர் வில்லை, மோதிரம் அழுத்திவைத்தது போல நடுவில் வட்டப் பள்ளம். "செருப்புல வெட்டிப் போட்ட காலமெல்லாம் உண்டு சார்" என்று சிரித்தார். ஹவாய் செருப்பின் குதிகாலில் எத்தனை ஊர்த் தண்ணீர் நின்றிருக்கிறது என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

புது ரப்பரை வைப்பதற்கு முன் அவர் செய்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். சுண்டுவிரலை வால்வுக்குள் விட்டு, பித்தளை விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுத் தடவினார். நகம் எங்கும் தட்டவில்லை. ஒழுகும் ரப்பரை மாதக்கணக்கில் அப்படியே விட்டால், அந்த இடுக்கில் பீறிடும் தண்ணீர் பித்தளையையே அரித்து மயிரிழைக் கோடு போட்டுவிடும். அதன்பிறகு எத்தனை ரப்பர் மாற்றினாலும் ஒரு வாரம், பத்து நாள். அதேபோல் குளோரின் ஆவி படுகிற இடத்தில் மட்டமான பித்தளை மஞ்சள் நிறம் போய்ச் செம்பு நிறம் தட்டினால், உள்ளிருக்கும் துத்தநாகம் கரைந்து போய்விட்டது என்று பொருள். பார்க்கத்தான் உலோகம், திருகினால் பிஸ்கட். இந்த இரண்டு நிலையிலும் ரிப்பேர் பேச்சே வேண்டாம். பித்தளை மிதவை வால்வுக்கென்றே ஐ.எஸ். 1703 என்று இந்தியத் தரக் குறிப்பு இருக்கிறது; மாற்றுவதாக இருந்தால் அந்த முத்திரையைப் பார்த்து வாங்குவது நல்லது. நண்பருக்கு அந்தச் செலவு வரவில்லை. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. சுவரிலிருந்து வரும் குழாயில் ஒரு மரைகூட அசையவில்லை.

அரிசோனாவுக்கு வருகிறேன். குளத்துக் கரையில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்ட மூடி. "கையை அப்படியே விடாதீங்க மாமா" என்று டார்ச் லைட்டோடு வந்தார் மாப்பிள்ளை. கறுப்பு விதவை என்று ஒரு சிலந்தி அந்த ஊரில் இப்படிப்பட்ட இருட்டறைகளில்தான் குடியிருக்குமாம். தவளை தேவலை. உள்ளே பித்தளையும் இல்லை, நீண்ட தண்டும் இல்லை; பிளாஸ்டிக் தூண் ஒன்று, அதைக் கட்டிக்கொண்டு ஏறி இறங்கும் டப்பா ஒன்று. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "டாய்லெட் பார்ட்டையாப்பா நீச்சல் குளத்துல வெச்சிருக்கான்?" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அமெரிக்க ஃப்ளஷ் தொட்டிகளில் இருக்கும் அதே வால்வு.

இரண்டும் மிதவை வால்வுதான் என்றாலும் தண்ணீரை நிறுத்தும் வழி வேறு. பித்தளை வால்வு மல்யுத்தக்காரன். தண்ணீர் முன்னால் தள்ளுகிறது, பந்தின் மிதப்பு நீண்ட தண்டின் நெம்புகோல் பலத்தோடு பின்னால் தள்ளுகிறது. யார் கை ஓங்குகிறதோ அவர் ஜெயிப்பார். பிளாஸ்டிக் வால்வு முள்ளை முள்ளால் எடுக்கிற ஜாதி. அதன் தலைக்குள் ரப்பர் வில்லை ஒன்று இருக்கிறது. கீழிருந்து வரும் தண்ணீரில் கொஞ்சம், நடுவிலிருக்கும் ஊசி அளவு இடுக்கின் வழியே வில்லையின் மேல்பக்க அறைக்குப் போகும். அந்த அறைக்கு வெளியேற ஒரு சின்னத் துளை. மிதவை செய்வதெல்லாம் அந்தத் துளையை விரல்நுனியால் பொத்துவது போலப் பொத்துவதுதான். பொத்தியதும் மேலறையில் அழுத்தம் ஏறி, தண்ணீரே வில்லையைக் கீழே அழுத்தித் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. அதனால் குட்டி மிதவை போதும், குறுகிய அறை போதும். அந்த ஊர்க் குழாயில் 4 பார் அளவுக்கு அழுத்தம் வருவது சகஜம். பித்தளைக்காரனுக்கு அது மூச்சு முட்டும் சண்டை. இதற்கோ அழுத்தம் கூடக் கூடக் கொண்டாட்டம்.

ஆகாதது மணல். அந்த ஊசி இடுக்கில் ஒரு துகள் மாட்டினால் மேலறை நிரம்பாது, வால்வு மூடவே மூடாது. எனவே முதல் வைத்தியம் ரப்பருமில்லை, வால்வுமில்லை, கழுவுவது. வரத்தை அடைத்து, தலைமூடியை எட்டில் ஒரு பங்கு இடப்பக்கம் திருகிக் கழற்றி, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, வரத்தைச் சில வினாடி திறந்துவிட வேண்டும். டம்ளர் இல்லாமல் செய்தால் என்னவாகும் என்பதை என் சட்டை சொல்லும். கடுகைவிடச் சின்னதாக இரண்டு சுண்ணாம்புத் துணுக்குகள் வந்தன. ஒழுகல் நின்றது. பதினைந்து நாள் கழித்து மீண்டும் ஆரம்பித்தது. இந்த முறை ரப்பர் கெட்டிருந்தது. தூண் முழுவதும் சுண்ணாம்பு படிந்து மிதவை வழுக்காமல் திக்கித் திக்கி இறங்கியது.

வினிகரில் ஊறப் போட்டுச் சுண்ணாம்பைக் கரைத்து, புது ரப்பர் போடலாம் என்றேன். மாப்பிள்ளை போனில் விலையைக் காட்டினார். ரப்பர் 3 டாலர் சொச்சம், முழு வால்வு 10 டாலர் சொச்சம். ஆளைக் கூப்பிட்டால் வந்து நிற்பதற்கே 100 டாலருக்கு மேல். "இதுல ரிப்பேர் பண்ண என்ன மாமா இருக்கு?" என்று கடைக்குக் கிளம்பிவிட்டார். மனம் ஒப்பவில்லை, வாதம் தோற்றுப்போனது. ஆனால் பழைய வால்வைக் கழற்றும்போது எனக்கே ஒன்று புரிந்தது. அடியிலிருந்த பிளாஸ்டிக் நட்டுக்கு ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை. கையால் திருகினால் வந்தது, கையால் முறுக்கினால் அடைத்தது. டெஃப்லான் டேப்பும் கேட்கவில்லை. மொத்தமாகக் கழற்றி எறிவதற்கென்றே செய்த சாமான் அது. பித்தளை வால்வைச் செய்தவன் ஸ்பிளிட் பின்னை வைத்தான்: இங்கே திற, உள்ளே பார் என்று. பிளாஸ்டிக் வால்வைச் செய்தவன் அடியில் கை நட்டை வைத்தான்: என்னைக் கழற்று, இன்னொன்று வை என்று. விலையையும் கூலியையும் கணக்குப் போடுவதற்கு முன்னால் இந்த அடையாளத்தைத் தேடுவதுதான் இப்போது என் வழக்கம்.

ஊர் திரும்பும்போது பெட்டியில் நண்பருக்கென்று அதே வால்வு ஒன்றும் அதற்கான இணைப்பு ஹோஸும் கொண்டுவந்தேன். சாக்லேட் கொண்டுவந்திருந்தால் நாலு பேருக்கு நல்லதாக இருந்திருக்கும். வந்து பார்த்தால் பித்தளை வால்வு மறுபடி ஒழுகிக்கொண்டிருந்தது. பெரியவர் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாராம். வந்தவர் இளைஞர்.

"வாஷர் எல்லாம் இப்ப யாரு சார் போடறாங்க? மாத்திடலாம்."

எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்ன காரணத்தைத் தள்ள முடியவில்லை. "நான் வாஷர் போட்டுட்டுப் போவேன். ஆறு மாசத்துல ஒழுகினா 'போன தடவை வந்தவன் சரியில்ல'ம்பீங்க. புதுசு வெச்சா கடைக்காரன் பதில் சொல்வான்." ரிப்பேரில் உத்தரவாதம் வேலைக்காரரின் தலையில், மாற்றினால் அது சாமானின் தலைக்குப் போய்விடுகிறது. விலைப் பட்டியலில் வராத வித்தியாசம் இது.

அவர் பைப் ரெஞ்சைப் பிடித்து ஒரு சுற்றுக் கொடுத்தார். 'படக்'கென்று சத்தம். வால்வு கையில் வந்தது. கூடவே துருப்பிடித்த ஜி.ஐ. நிப்பிளில் பாதியும். மீதிப் பாதி காங்கிரீட்டுக்குள். தரையை உடைத்து, எல்போவரை தோண்டி, புதுக் குழாய் வைத்து மூட இரண்டு நாள் ஆனது. பழைய டைல்ஸ் நிறம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. இன்றும் அந்த இடம் ஒட்டுப் போட்ட வேட்டி போலத் தெரிகிறது. வால்வு மாற்றும் செலவு வால்வில் இல்லை, அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் முதல் மூட்டில் இருக்கிறது. பெரியவர் ஏன் அந்தப் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அமெரிக்க வால்வை மாட்டினோம். அங்கத்திய மரையின் கோணம் 60 பாகை, நம் ஊர்க் குழாயில் 55. அரை இஞ்சில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 சுற்றுதான் என்பதால் ஹோஸ் ஏறிக்கொண்டது, டேப்பைத் தாராளமாகச் சுற்ற வேண்டியிருந்தது. வால்வு 'சட்'டென்று நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை நண்பரின் மனைவி, "அண்ணா, ராத்திரி பூரா பம்ப் உறுமிக்கிட்டே இருந்தது" என்றார்கள். கடல் காற்றில் குளத்து நீர் ஆடும், அறையில் மிதவை ஆடும், வால்வு திறக்கும், பம்ப் எழுந்துகொள்ளும். எந்தப் பம்ப்? போன மாசியில் மாடி ஷவருக்காக வைத்த பிரஷர் பம்ப். பித்தளை வால்வு எப்போதிலிருந்து ஒழுக ஆரம்பித்தது? அதுவும் மாசிக்குப் பிறகு. ஓரமாகக் கிடந்த பித்தளை வால்வை எடுத்து ஸ்பிளிட் பின்னை உருவிப் பார்த்தேன். பெரியவர் போட்ட ரப்பர் புதுசாகவே இருந்தது, விளிம்பு வழுவழுப்பாக இருந்தது. அந்த வால்வின் துளை 10 மில்லிமீட்டர். 7 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து வரும்போது தண்ணீர் அதன் ரப்பரை அரைக் கிலோ எடைக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளியிருக்கும். பம்ப் 2.5 பார் கொடுத்ததும் அது 2 கிலோ. பந்தும் தண்டும் சேர்ந்து என் கணக்கில் ஒன்றரைக் கிலோவுக்குமேல் திருப்பித் தள்ள முடியாது. வால்வில் பழுதே இல்லை. அதற்குச் சக்தி போதவில்லை, அவ்வளவே. வாஷரா வால்வா என்று நாங்கள் இரண்டு பேரும் வாதாடிக்கொண்டிருந்தது முழுக்க வீண்.

குளத்து வரத்தைப் பம்ப்புக்கு முன்னாலேயே பிரித்து, நேராகத் தொட்டித் தண்ணீரில் இணைத்தோம். பம்ப் அடங்கியது. ஆனால் இப்போது அமெரிக்க வால்வு முரண்டு பிடித்தது. தன்னை அடைத்துக்கொள்ளப் போதிய அழுத்தம் இல்லாமல் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டே இருந்தது. போர்த் தண்ணீரின் பொடிமணல் வேறு. இளைஞர் என்னைப் பார்த்தார். நான் பித்தளை வால்வைப் பார்த்தேன். அவரே அதை எடுத்துத் துடைத்து, பின்னால் ஒரு கேட் வால்வும் யூனியனும் சேர்த்து, அடுத்த தடவை யாரும் தரையை உடைக்க வேண்டாதபடி மாட்டிக் கொடுத்தார். கூலி போக நூறு ரூபாய் கூடக் கொடுத்தார் நண்பர்.

அமெரிக்க வால்வு இப்போது மாடிக் கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டியில் இருக்கிறது. பிரஷர் பம்ப் தண்ணீரில் அங்கே அதற்கு ஒரு குறையும் இல்லை. தோட்டத்து மூலையில் சேம்பு வாடிவிட்டது. கிழங்கைத் தோண்டி எடுத்து நண்பரின் மனைவி வறுவல் செய்து அனுப்பியிருந்தார்கள்.